குறுக்கிழை நிற்கும் தளம்

இங்கிலாந்தில் சர்ரேயிலுள்ள பிஸ்லி மைதானம், 1890-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுத் தேசிய ரைபிள் சங்கத்தாரின் ஸ்தானமாக விளங்கிவருவது. அங்கே சுடப் பழக வருகிற இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, முதற்குவியத் தள ஸ்கோப் சிறந்ததா, இரண்டாம் குவியத் தள ஸ்கோப் சிறந்ததா என்பதே. விலை அதிகமென்ற ஒன்றைக் கொண்டே முன்னதுதான் உயர்ந்ததென்று முடிவு கட்டிக்கொண்டு பலர் வருவதால், "காற்றுக்கு வேண்டிய திருத்தத்தைக் குமிழைத் திருகிச் செய்யப் போகிறாயா தம்பி, கோடுகளைப் பார்த்து ஒதுக்கிப் பிடிக்கப் போகிறாயா?" என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம்.

உருப்பெருக்கத்தை மாற்றும் வில்லைகளுக்கு முன்னால் குறுக்கிழை இருந்தால் பிம்பத்தோடு அதுவும் பெருத்துச் சிறுக்கும்; அது முதற்தளம். பின்னால் இருந்தால் பிம்பம் மட்டும் மாற, இழை மாறாது நிற்கும்; அது இரண்டாம் தளம். சூட்சுமம் இவ்வளவே.

இதன் விளைவைக் கோடைப் பகலில் ஸ்டிக்கிள்டவுன் சுடுதளத்தின் 1,000 கெஜத் தூரத்தில் பிரத்தியட்சமாகக் காணலாம். கானல் எழுந்து இலக்கு நெளியத் தொடங்கியதும், எவனும் கண்ணுக்கு இதமாக உருப்பெருக்கத்தை 24-இலிருந்து 12-க்கு இறக்குவான். குறுக்கிழையின் கோடுகள் குறிக்கும் ஒரு மில், தூரத்தில் ஆயிரத்திலொரு பங்கு; ஆகவே அத்தூரத்தில் அது சரியாக ஒரு கெஜம். ஆனால் இரண்டாம் தள ஸ்கோப்பில் அக்கணக்கு பெரும்பாலும் உச்ச உருப்பெருக்கத்தில் மட்டுமே மெய்யாதலால், 12-இல் அதே கோடு இரண்டு கெஜத்தைக் குறிக்க, காற்றுக்காக ஒரு கோடு ஒதுக்கிப் பிடித்தவனுடைய குண்டு ஒரு கெஜம் விலகிப் போகும். குமிழின் சொடுக்குகளுக்கோ இந்த வில்லங்கம் கிடையாது. எந்தத் தளத்து ஸ்கோப்பானாலும், எந்த உருப்பெருக்கத்திலும் அவற்றின் அளவு ஒன்றே. இதைச் சொன்னால் அனுபவஸ்தர்களிலும் சிலர் நம்புவதில்லை!

ஆகவே, தூரம் முன்கூட்டியே தெரிந்து, சாவகாசமாகக் குமிழைத் திருகிச் சுடுகிற எஃப் கிளாஸ் பந்தயத்துக்கு நான் இரண்டாம் தளத்தையே விரும்புகிறேன். அங்கே இலக்கின் நடு வட்டம் 1,000 கெஜத்தில் ஏறத்தாழ 5 அங்குலந்தான். முதற்தள ஸ்கோப்பில் 0.05 மில் தடிப்புள்ள இழை, எவ்வளவு பெருக்கினாலும் அதில் 2 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக மறைத்துக்கொண்டே நிற்கும். மாறாக, வெவ்வேறு தூரங்களிலுள்ள இலக்குகளைக் குறுகிய நேரத்தில் அடுத்தடுத்து அடிக்கவேண்டிய போட்டிகளில், உருப்பெருக்கம் எதுவென்று யோசிக்க அவகாசமேது? அங்கே முதற்தளத்துக்குச் செலவிடும் பணம் வீணன்று.

அந்தி வெளிச்சத்தில் மான் வேட்டைக்குப் போகிறவர் விஷயம் வேறு. முதற்தளத்தின் மெல்லிய இழை, தாழ்ந்த உருப்பெருக்கத்தில் சிலந்தி நூல்போலாகிப் புதரின் இருளில் மறைந்துவிடும். ஜெர்மானியர் பழைய நாலாம் எண் குறுக்கிழையில் தடித்த பட்டைகளை வைத்தது அதற்காகவே. வாங்குமுன் கடையின் இருண்ட மூலையை நோக்கி, மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது உத்தமம்.

வாங்கியபின், பலகையொன்றில் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு கோடுகள் கிழித்து, 100 மீட்டர் தள்ளி நிறுத்திப் பாருங்கள். முதற்தளமானால் ஒரு மில் இடைவெளி எப்போதும் அக்கோடுகளுக்கிடையே பொருந்தும். இரண்டாம் தளமானால், பொருந்தும்வரை உருப்பெருக்க வளையத்தைச் சுழற்றி, வளையத்தில் பொறித்த எண் என்ன சொன்னாலும், பொருந்திய இடத்தில் வெள்ளைச் சாயத்தால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.