காந்தியடிகளின் இசைத்தட்டுரையும் கரியாலூர் முதியவரும்

ஏட்டிற் படிக்கும் உரைகள் ஒருவகை. பேசினவர் குரலிலேயே கேட்கும் உரைகள் மற்றொருவகை. பின்னவற்றுள் ஒன்று, காந்தியடிகள் 1931-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இலண்டனில் கொலம்பியா கம்பெனியாரின் இசைத்தட்டுக்காக ஆற்றிய ஆங்கில உரை. இரண்டாம் வட்டமேசை மகாநாட்டிற்கு அவர் சென்றிருந்த காலம் அது. எனினும் அரசியலைப் பேசாது, கடவுளைக் குறித்துத் தாம் 1928-இல் ‘யங் இந்தியா’ பத்திரிகையில் எழுதியதையே வாசித்தார். ஏறத்தாழ ஆறு நிமிடங்களில் முடியும் அவ்வுரையின் போக்கை ஈண்டு ஆராய்வோம்.

எங்கும் நிறைந்த ஓர் ஆற்றல் உண்டு. அதனைக் காணேன், ஆயினும் உணர்கிறேன் என்று அடிகள் தொடங்குகிறார். அடுத்து, மைசூர் நாட்டுப் பயணத்திற் கண்ட ஏழைக் கிராமத்தாரை நம் முன் நிறுத்துகிறார். தம்மை ஆள்பவர் யாரென அவர்கள் அறியார். ஏதோ ஒரு தெய்வம் ஆள்கின்றது என்றனராம். பின்னர், உலகனைத்தையும் ஒரு நியதி நடத்துவதைக் கூறி, ஜகதீச சந்திர போஸின் ஆராய்ச்சியையும் துணைக்கு அழைக்கிறார். சாவினிடையே வாழ்வும், பொய்யினிடையே மெய்யும், இருளினிடையே ஒளியும் நிலைப்பதைக் காட்டுகிறார்.

இவ்வுரைக்கு அச்சாணி அக்கிராமத்தார் கதையே என்பது நம் கருத்து. அரசனை அறியாமையால் அரசன் இல்லை என்று ஆகிவிடாது. அறியாமை இன்மைக்குச் சான்றன்று. மேலும், அடிகள் அவர்களை எள்ளி நகைத்திலர். அவர்கள் தம் அரசன்முன் சிறியராதலினும், தாம் கடவுள்முன் மிகச் சிறியர் என்றே கூறிக்கொள்கிறார்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாணவர் சிலருடன் கல்வராயன் மலைமேலுள்ள கரியாலூருக்குச் சென்றிருந்தோம். களத்திற் சாமை தூற்றிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை, “தாத்தா, நம்மை ஆள்வது யார்?” என்று ஒரு மாணவர் வினவினார். “முன்னே கவுண்டமாரு, இப்போ சர்க்காரு” என்றார் அவர். மாணவர் நகைத்தனர், நாமும் நகைத்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

அன்றிரவு அவ்வூர் ஆசிரியர் ஒருவர் விளக்கியபோதுதான், அவ்விடை சுருங்கச் சொன்ன சரித்திரமே என்பது விளங்கிற்று. அம்மலை சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தாரின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் சென்றபின், 1976-இல்தான் சர்க்கார் அதனை ஏற்றது. அம்மாற்றத்தைத் தம் கண்ணாற் கண்டவர் அவர். பட்டம் பெற்ற நாமோ அதனை அன்றுவரை அறிந்திலோம். நாம் அறியாததை இல்லாததென்று எண்ணியன்றோ நகைத்தோம்!

பின்னர்க் கைப்பேசியில் அடிகளின் உரையைக் கேட்டோம். மைசூர்க் கிராமத்தாரைக் கூறும் பகுதி வந்ததும் மாணவர் ஒருவரையொருவர் நோக்கினர், ஒருவரும் பேசவில்லை. பொழுது விடிந்ததும் இருவர் குறிப்பேட்டுடன் களத்திற்குச் சென்று, முதியவர் அருகே தரையில் அமர்ந்து, கவுண்டமார் காலத்துச் செய்திகளைச் சொல்லுமாறு வேண்டினர். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.