குவாண்டம் மனம்: கணக்கு வேறு, மூளை வேறு

நம்பிக்கை: நாம் முடிவெடுக்கும் விதத்தைக் குவாண்டம் கணக்கு விளக்குகிறது, ஆகவே மூளை ஒரு குவாண்டம் கணினி.

உண்மை: மனித முடிவுகளைக் குவாண்டம் கணக்கால் ஆராயும் துறையை வளர்த்தவர்களே இதை ஏற்பதில்லை. ஜெரோம் பியூஸ்மையரும் பீட்டர் புரூசாவும் 2012-இல் வெளியிட்ட நூலில், மூளை குவாண்டம் கணினி என்று தாங்கள் சொல்லவில்லை எனத் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். இயற்பியலிடம் அவர்கள் கடன் வாங்கியது நிகழ்தகவைக் கணக்கிடும் முறையை மட்டும்தான். 'குவாண்டம் எண்ணத்தால் செல்வத்தை ஈர்க்கலாம்' என்று வகுப்பெடுப்பவர்களுக்கு இந்த ஆய்வில் துளி ஆதாரமும் கிடையாது. நம்பிப் பணம் கட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம்பிக்கை: கேள்வியின் வரிசை மாறினால் பதில் மாறுவது வெறும் தடுமாற்றம், அதில் ஒழுங்கு ஏதும் இல்லை.

உண்மை: 1997 செப்டம்பரில் கேலப் கருத்துக்கணிப்பு நிறுவனம் அமெரிக்கர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டது. அப்போதைய அதிபர் பில் கிளின்டன் நேர்மையானவரா? துணை அதிபர் அல் கோர் நேர்மையானவரா? பாதிப் பேரிடம் கிளின்டனைப் பற்றி முதலில், மீதிப் பேரிடம் கோரைப் பற்றி முதலில். முதல் கேள்வியாக வந்தபோது கிளின்டனுக்கு 50 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள், கோருக்கு 68 சதவீதம். இரண்டாவதாக வந்தபோது கிளின்டன் 57-க்கு ஏறினார். கோர் 60-க்கு இறங்கினார். ஒருவரை எடைபோட்ட கையோடு அடுத்தவரை எடைபோட்டால் தராசே சற்று நகர்ந்துவிடுகிறது.

இந்த நகர்விலும் ஓர் ஒழுங்கு உண்டு. வழக்கமான நிகழ்தகவில் 'அ-வும் ஆ-வும்' என்றாலும் 'ஆ-வும் அ-வும்' என்றாலும் விடை ஒன்றே. குவாண்டம் கணக்கில் வரிசை மாறினால் விடை மாறலாம். ஆனால் இஷ்டப்படி மாற முடியாது. ஒன்றுக்கு 'ஆம்', மற்றதற்கு 'இல்லை' என்று பிரித்துச் சொல்பவர்களின் மொத்தப் பங்கு இரண்டு வரிசையிலும் சமமாக இருந்தாக வேண்டும். பியூஸ்மையரும் ஷெங் வாங்கும் அவர்கள் குழுவினரும் அமெரிக்காவில் நடந்த 70 தேசியக் கருத்துக்கணிப்புகளில் இதைச் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தச் சமன் வியக்கத்தக்க அளவு பொருந்தியது. தரவைப் பார்த்தபின் இழுத்துக்கட்டிய விளக்கம் அல்ல, கணக்கிலிருந்து நேரடியாகப் பிறந்த நிபந்தனை என்பதால்தான் இதை நான் மதிக்கிறேன்.

நம்பிக்கை: அப்படியானால் நம் பதில்கள் குவாண்டம் கணக்கின்படிதான் அமைகின்றன என்பது நிரூபணமாகிவிட்டது.

உண்மை: இல்லை. பேஸ்பால் வீரர்கள் பீட் ரோஸ், ஷூலெஸ் ஜோ ஜாக்சன் பற்றிய கணிப்பில், கேள்வியோடு புதிய தகவலும் தரப்பட்டது. அங்கே சமன் குலைந்தது. மற்றக் கணிப்புகளில் தெரிந்த சமனைக் குவாண்டம் கணக்கு இல்லாமலே விளக்கும் மாதிரிகளும் இருக்கின்றன. வரிசை பதிலை மாற்றும் என்பதில் மட்டும் சண்டை இல்லை. கருத்துக்கணிப்பு முடிவைப் படிக்கும்போது, எந்தக் கேள்வியை முதலில் கேட்டார்கள் என்றும் பாருங்கள்.