தபாலில் வரும் கையெழுத்து: நம்புவதும் நடப்பதும்

ஓய்வுபெற்ற பேஸ்பால் வீரர்களின் வீட்டு முகவரிக்கு, அவர்கள் படம் அச்சிட்ட அட்டையை அனுப்பிக் கையெழுத்து வாங்கிச் சேர்ப்பது அமெரிக்காவில் பழைய பொழுதுபோக்கு. ஒரு கடிதம், ஒரு அட்டை, கூடவே தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறை. பத்திரிகைக்குக் கதை அனுப்பிப் பழகியவர்களுக்கு அந்த உறையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. இந்தப் பொழுதுபோக்கைச் சுற்றி உலவும் நம்பிக்கைகளுக்குத்தான் விளக்கம் தேவைப்படுகிறது.

பெரிய ஆட்டக்காரர்கள் பதில் போட மாட்டார்கள் என்பது முதல் நம்பிக்கை. கிளீவ்லாந்து அணியின் பந்துவீச்சாளர் பாப் ஃபெல்லர் 2010-இல் தமது 92-ஆம் வயதில் இறந்தார். அவர் கையெழுத்துப் போடாத பந்துதான் அபூர்வம் என்று சேகரிப்பாளர்கள் கேலி செய்கிற அளவுக்குத் தாராளமாகப் போட்டுக்கொடுத்தவர். பால்டிமோரின் ப்ரூக்ஸ் ராபின்சனும் அப்படித்தான். பொறுமைதான் வேண்டும், பதில் பத்து நாளில் வரலாம், பல வருஷம் கழித்தும் வரலாம். தபால் கட்டணம் உயர்ந்தாலும் செல்லுபடியாகும் ‘ஃபாரெவர்’ தபால்தலை 2007-இல் வந்தது சேகரிப்பாளர்களுக்குப் பெரிய நிம்மதி.

இரண்டாவது நம்பிக்கைதான் எனக்கு எரிச்சலூட்டுவது: “கோடீஸ்வரர்கள், ஒரு கையெழுத்துக்குக் காசு கேட்கிறார்களே!” இன்றைய சம்பளத்தை அன்றைய ஆட்டக்காரர் தலையில் கட்டுகிற பேச்சு இது. 1968-இல் வீரர்கள் சங்கம் முதல் ஒப்பந்தம் போடும்வரை குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 6,000 டாலர். ஒப்பந்தத்துக்குப் பிறகு 10,000. ஓய்வூதியக் கணக்கு அதைவிடக் கொடுமை. 1980-க்கு முன் ஆடியவர்களுக்கு நான்கு ஆண்டுச் சேவை இருந்தால்தான் ஓய்வூதியம். 1980-இல் அது 43 நாளாகக் குறைக்கப்பட்டது, ஆனால் ஏற்கெனவே ஆடி முடித்தவர்களை அதில் சேர்க்கவில்லை. மூன்றரை ஆண்டு ஆடிவிட்டு 1979-இல் வெளியேறியவருக்கு ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் வந்து ஒன்றரை மாதம் ஆடியவருக்கு உண்டு. 2011-இல்தான் விடுபட்டவர்களுக்கு ஒரு சிறு தொகை ஏற்பாடானது, ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000 டாலர் என்று. வீரர் கண்ணை மூடினால் மனைவிக்கு அதுவும் கிடையாது. அப்படிப்பட்ட ஒருவர் பத்து டாலர் கேட்டால் அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்கிற பணத்தை நற்பணிக்குத் திருப்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வீட்டு முகவரியிலிருந்து வந்ததால் அசல்தான் என்பது அடுத்தது. கடிதம் குவிகிற நட்சத்திரங்களுக்கு மனைவியோ உதவியாளரோ போட்டுக்கொடுத்த கதைகள் ஏராளம். டெட் வில்லியம்ஸ் ஆடிய காலத்தில் பாஸ்டன் அணியின் உடைமாற்று அறை ஊழியரே அவருக்காக நிறையப் போட்டார். கையெழுத்தை அப்படியே எழுதித் தரும் ‘ஆட்டோபென்’ இயந்திரம் வேறு. அதற்காகத் தபாலைக் கைவிட்டு, சான்றிதழோடு கடையில் வாங்கினால் கவலையில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1990-களின் இறுதியில் எஃப்.பி.ஐ. நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணையில் சிக்கிய கும்பல் சான்றிதழையும் சேர்த்தே தயாரித்தது. அதன் சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்தும் இருந்தது! ஓரிரு வருஷம் மட்டும் ஆடிய வீரரின் பெயரைப் போலி செய்து யாருக்கு என்ன லாபம்? அங்கேதான் தபால் சேகரிப்பாளருக்கு அசல் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கையெழுத்து விழுந்தால் அட்டை விலை ஏறிவிடுமா? 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போன 1952 மிக்கி மேன்டில் அட்டையில் கையெழுத்தே இல்லை. 1980-களின் கடைசியில் அட்டைகளை அளவில்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள். அவற்றில் சாதாரண ஆட்டக்காரர் கையெழுத்து சில டாலர் பெறும், அவ்வளவுதான். பளபளப்பான அட்டையானால் பேபி பவுடர் தேய்த்துத் துடைத்துவிட்டு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் மை ஒட்டாமல் திட்டுத்திட்டாகிவிடும்.

கடிதத்தைக் கையால் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்குள். இரண்டு அட்டைக்கு மேல் வைக்காதீர்கள். உங்கள் பெயரைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். விற்கக் கேட்கவில்லை என்று அவருக்குத் தெரியும். இந்தியாவிலிருந்து அனுப்புவதானால் திரும்பி வரும் உறையில் அமெரிக்கத் தபால்தலையையே ஒட்டுங்கள். நம்மூர்த் தலை அங்கே செல்லாது.