கிணற்று நீரும் பயிர் உண்ணும் நீரும்

வயலுக்கும் தோட்டத்துக்கும் பாய்ச்சும் நீர் இரு வழிகளிற் செல்கின்றது. ஒரு பகுதி மண்ணின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகின்றது. அத்துடன், வேரால் உறிஞ்சப்பட்ட நீர் இலைவழியே ஆவியுயிர்ப்பாக வெளியேறுகின்றது. மற்றைய பகுதி வேருக்குக் கீழே கசிந்து தரைக்கீழ் நீருடன் சேருகின்றது. வானத்துக்குச் சென்ற நீர் அக்கிணற்றுக்கு நேரே மீள்வதில்லை. நிலத்துள் இறங்கிய நீரோ அதே கிணற்றுக்கு அல்லது அயலவரின் கிணற்றுக்கு மீளக்கூடியது. நீரைச் சேமிக்க விரும்பும் கமக்காரர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் அவசியம். ஐக்கிய அமெரிக்காவின் மேற்கிலுள்ள வறண்ட பள்ளத்தாக்குகளிலும் ஆற்று வடிநிலங்களிலும் நடைபெற்ற ஆராய்ச்சிகள் இதனைத் தெளிவாக விளக்குகின்றன.

கிணறு காட்டிய கணக்கு

யூட்டா மாநிலத்தின் எஸ்கலாந்தே பள்ளத்தாக்கில் தரைக்கீழ் நீர் ஆழமின்றி இருந்த இடங்களிலே வால்ற்றர் வைற் என்பவர் கிணறுகளின் நீர்மட்டத்தை இரவு பகலாக அளந்தார். எவரும் நீர் இறைக்காத கிணற்றிலும் பகலில் மட்டம் தாழ்ந்தது, இரவில் உயர்ந்தது. செடிகள் துளிர்த்த பின்னரே இவ்வேற்றவிறக்கம் தொடங்கிற்று. செடிகளை வெட்டியதும், அல்லது உறைபனியால் அவை கருகியதும், நின்றுவிட்டது. ஆகவே பகலில் நீரை எடுத்தவை செடிகளின் வேர்களே என்பது புலனாயிற்று. தமது கணிப்பு முறையை அவர் 1932 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

அம்முறை எளியது. நள்ளிரவு முதல் அதிகாலை 4 மணி வரை செடிகள் மிகக் குறைந்த நீரையே எடுக்கின்றன. அந்நேரத்தில் மட்டம் உயரும் வேகமே நிலத்தடியில் நீர் வந்துசேரும் வேகமாகும். உதாரணமாக, மட்டம் மணிக்கு 2 மில்லிமீற்றர் உயருமாயின், 24 மணித்தியாலத்தில் வந்துசேர்வது 48 மில்லிமீற்றர். ஒரு முழு நாள் கழிந்தபின் மட்டம் முன்னையதிலும் 12 மில்லிமீற்றர் தாழ்ந்திருப்பின், இரண்டையும் கூட்ட 60 மில்லிமீற்றர் ஆகும். அம்மண்ணிலிருந்து வடியக்கூடிய நீர் அதன் கனவளவிற் பத்தில் ஒரு பங்கெனின், செடிகள் அன்று எடுத்த நீர் 6 மில்லிமீற்றர். இது ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 24,000 லீற்றராகும்.

கசிவு வீணன்று

ஐடாகோ மாநிலத்தில் சினேக் ஆற்றின் கிழக்குச் சமவெளி எரிமலைக் கற்பாறையாலானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆற்று நீர் பெருமளவில் வாய்க்கால்வழி வயல்களுக்குப் பாய்ச்சப்பட்டது. மிஞ்சிய நீர் பாறை வெடிப்புகளூடாக இறங்கிற்று; தரைக்கீழ் நீர் பெருகிற்று; ஆற்றோரத்து ஊற்றுகளின் பாய்ச்சலும் 1950 ஆம் ஆண்டளவு வரை கூடிற்று. பின்னர் ஆழ்கிணறுகள் பெருகின. வாய்க்காற் பாசனத்தைக் கைவிட்டுப் பலர் தூவற் பாசனத்துக்கு மாறினர். தூவற் பாசனத்தால் வயலுக்கு விடும் நீர் குறைந்தது. ஆயின் பயிர் உண்ணும் நீர் குறையவில்லை. குறைந்தது கசிவே. இவற்றாலும் வரட்சியாலும் ஊற்றுகள் சுருங்கின. ஆற்று நீரை நம்பியிருந்தோருக்கும் கிணற்று நீரை இறைத்தோருக்கும் இடையே நெடுநாட் பிணக்கு மூண்டது. 2015 ஆம் ஆண்டின் உடன்பாட்டின்படி, கிணற்றுப் பாசனக்காரர் ஆண்டுதோறும் 240,000 ஏக்கர்-அடி நீரைக் குறைத்து எடுக்க இசைந்தனர்.

அம்மாநிலப் பல்கலைக்கழகத்தார் செய்மதிப் படங்களைக் கொண்டு ஒவ்வொரு வயலிலும் ஆவியாகும் நீரைக் கணிக்கும் முறையொன்றை வகுத்துள்ளனர். நீரை மிகுதியாக வெளிவிடும் வயல் குளிர்ந்திருக்கும். வரண்ட நிலம் சூடாயிருக்கும். செய்மதி அளக்கும் வெப்பமே அக்கணிப்புக்கு அடிப்படையாகும்.

எமது தோட்டங்களிற் கவனிக்க வேண்டியவை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையிலே தங்கும் மழைநீரே கிணறுகளுக்கு ஆதாரம். ஆகவே மேற்கூறிய பாடம் அங்குள்ள தோட்டக்காரருக்கும் பொருந்தும்.

1. வாரம் ஒருமுறை, காலையில் இறைப்பைத் தொடங்குமுன், கிணற்றுக் கட்டிலுள்ள ஒரே அடையாளத்திலிருந்து நீர்மட்டம் வரையுள்ள ஆழத்தை அளந்து எழுதிவைக்க. ஒரே மாதத்துக்குரிய அளவுகளை ஆண்டுதோறும் ஒப்பிட்டால் கிணற்றின் நிலை தெரியும்.

2. வெறும் மண்ணை வைக்கோலால் அல்லது உலர்ந்த இலைகளால் மூடுக. களைகளை இளமையிலேயே அகற்றுக. பயனின்றி வானத்துக்குச் செல்லும் நீரைக் குறைப்பதே மெய்யான சேமிப்பாகும்.

3. நீர் குறைந்த போகத்தில் குறுகிய வயதுடைய நெல்லினத்தை விதைக்க. வயலில் நிற்கும் நாட்கள் குறைய, ஆவியாகும் நீரும் குறையும்.

4. சொட்டு நீர்ப்பாசனம் எரிபொருட் செலவைக் குறைக்கும். பசளை கசிந்து கிணற்று நீரை மாசுபடுத்துவதையும் தடுக்கும். ஆயின் மிஞ்சிய நீரைக் கொண்டு மேலும் பத்துப் பாத்திகளை நட்டால், அப்பயிர் உண்ணும் நீர் முழுவதும் கிணற்றுக்குப் புதிய செலவாகும். அயற் கிணறுகளுக்கு வந்துகொண்டிருந்த கசிவும் குறைந்துவிடும். எனவே தோட்டத்தைப் பெருப்பிக்குமுன் கிணற்று அளவுகளைப் பார்த்து, அயலவருடனும் கலந்து முடிவு செய்க.