ஒப்புவிக்கும் வாயும் ஓடும் உள்ளமும்

செட்டிகுளத்தில் எம் இல்லத் திண்ணையிலமர்ந்து நன்னூற் சூத்திரங்களை உரக்க ஓதிய நாட்களில், வாய் சூத்திரத்தைச் சொல்லும். மனமோ வீதியில் விளையாடும் சிறுவரோடு ஓடும். மாணவர் அனைவரும் அறிந்த இந்நிலையை இசையில் வடித்தார் ஒருவர் உளர். அவர் ருஷிய இசைப்புலவர் மோதெஸ்த் முஸோர்க்ஸ்கி (1839–1881).

அவர் 1866-ஆம் ஆண்டில் இயற்றிய ‘குருமட மாணவன்’ என்னும் பாட்டு, பியானோவின் துணையுடன் ஒருவரே பாடுதற்குரியது. சொல்லும் இசையும் அவருடையனவே. பாட்டின் தலைவன் சமயக் கல்வி பயிலும் இளைஞன். இலத்தீன் மொழியில் ‘இஸ்’ என்று முடிந்தும் ஆண்பாலாய் வழங்கும் பெயர்களை அவன் நெட்டுருச் செய்கின்றான். மீன், நெருப்பு, புழுதி முதலியவற்றை நம் இலக்கணம் அஃறிணை என எளிதில் அடக்கும். நமக்குப் பொருளே பாலைக் காட்டும். இலத்தீன் மாணவனுக்கோ பொருள் துணை செய்யாது, மனனமே வழி.

அச்சொற்களை ஏறத்தாழ ஒரே சுரத்தில் மூச்சுவிடாது ஓடச் செய்தார் முஸோர்க்ஸ்கி. இடையிடையே மாணவனின் உள்ளம் ஒரு குருவின் மகளை நாடுகின்றது. அப்பொழுது இசையும் நெகிழ்கின்றது. ஆலய வழிபாட்டின்போது அவளை நோக்கியதும், அக்குருவின் கையால் அடிபட்டதும் அவன் நினைவில் எழுகின்றன. பின்னர் மீண்டும் அதே பட்டியல்!

இப்பாட்டு 1870-இல் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் அச்சேறியது. ருஷியத் தணிக்கையாளரோ தம் நாட்டில் அதன் விற்பனையைத் தடுத்தனர். கிறிஸ்தவ மாணவனாகிய யானும் முதலில், இது சமயத்தை எள்ளுவதோ என ஐயுற்றேன். ஆழ்ந்து நோக்குங்கால் அவ்வையம் நீங்கிற்று. அவனைக் கண்டு நகைக்கின்றோம்; நகை அடங்குமுன் இரங்குகின்றோம். பேச்சின் ஏற்றத்தாழ்வையே இசையாக்க முயன்ற அப்புலவர், இளைஞனின் பேதைமையை மறைத்திலர். அவனை வெறுத்ததும் இலர். எள்ளப்படுவது வேதமன்று, பொருளுணராது ஓதும் ஓத்தே.

நண்பர்காள்! தேர்வுக்காக ஒப்புவித்த சூத்திரங்களுள் எத்தனை நம் உள்ளத்தில் தங்கின? குருவாகப் போகும் அவனுக்கு மட்டுமன்று, நாளை ஆசிரியராகப் போகும் நமக்கும் இவ்வினா உரியதே. வாயும் உள்ளமும் ஒன்றுபடப் பயில்வதே கல்வி என்க.