வாய் கசந்தால் மாத்திரைப் பையைப் பாருங்கள்

புக்கிட் தெங்காவில் ஆகட்டும், வேறெங்கும் ஆகட்டும், வாய் கசக்கிறது என்று நம்மவர் ஒருவர் சொன்னால் "பித்தம்" என்ற பதில் தயாராக இருக்கும். பின்னாலேயே இஞ்சிச் சாறும் வரும். என் கட்சி வேறு. நடுவயது தாண்டியவருக்கு விளங்காத சுவை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அவருடைய மாத்திரைப் பையை. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. இந்தியர்களிடம் இன்னும் அதிகம். அதற்குப் பெரும்பாலும் முதலில் தரப்படும் மெட்ஃபார்மின் எச்சிலிலும் கலந்து வருவதால், சிலருக்கு நாக்கில் இரும்பு வாடை நிற்கும். இரத்த அழுத்தத்துக்கான கேப்டோப்ரிலும் இப்படிச் செய்யும். ஈறு வீக்கத்துக்குத் தரும் மெட்ரோனிடசோல் இன்னும் பொல்லாதது: பல் கெட்டதால்தான் கசக்கிறது என்று நம்ப வைத்துவிடும்.

அப்படியானால் பித்தம் வெறும் பேச்சா? அதுவும் இல்லை. இரைப்பை நீர் மேலேறினாலும் வாய் புளிக்கும், கசக்கும். ஆனால் அது வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்த இரவிலோ விடிந்ததுமோ வரும். பெரும்பாலும் நெஞ்செரிச்சலும் கூட வரும். மருந்தின் சுவை, புது மாத்திரை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய நாளை ஒட்டி வரும். எனவே தேதியைக் குறித்து வைப்பது பாதி வைத்தியம். எதிலும் ருசியே இல்லை என்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நாக்கில் சீனி வைத்துப் பார்க்கட்டும். இனித்தால் நாக்கில் பழுதில்லை. சளியோ கோவிட்டோ மணத்தைக் கொண்டுபோயிருக்கலாம்.

மாத்திரைதான் காரணம் என்றால் நிறுத்திவிடலாமே என்பார்கள். கூடவே கூடாது, வாய்க்கசப்பைவிட ஏறிய சர்க்கரை மோசம். 1 ரிங்கிட் கட்டணத்தில் பார்க்கும் அரசாங்க கிளினிக்கிலேயே, வேறு மருந்தோ மெதுவாகக் கரையும் வகையோ பொருந்துமா என்று கேட்கலாம். "பத்து வருசமாகப் போடும் மாத்திரை இன்றைக்கா கசக்கும்?" என்ற மறுப்புதான் கனமானது. கசக்கலாம். மெட்ஃபார்மினை நெடுநாள் எடுத்தால் சிலருக்கு பி12 சத்து குறையும்; நாக்கு சிவந்து வழவழப்பாகிச் சுவை மாறும். சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடலில் தேங்கும். தேங்கும் யூரியாவும் எச்சிலில் அம்மோனியாவாக மாறி வாயைக் கெடுக்கும். பழைய மாத்திரைக்காரர் கேட்டு வாங்க வேண்டியது பி12, கிரியேட்டினின் என்ற இரண்டு இரத்தப் பரிசோதனைகளை. இஞ்சிச் சாறு அதுவரை காத்திருக்கலாம்.