மழை ஓய்ந்த பின் ஆறு

மழை ஓய்ந்தது கண்டு, ஆறும் அடங்கிற்று என நம்மிற் பலர் எண்ணிவிடுகின்றனர். இவ்வெண்ணம் உயிருக்கே கேடு விளைக்கத் தக்கது.

தாமிரபரணியை நோக்குவோம். பொதிகை மலையிற் பெய்த நீர் அக்கணமே கீழூர்களை அடைவதில்லை. ஓடைகளாய்த் திரண்டு, பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிற் சேர்ந்து, அவை நிரம்புங்கால் திறந்துவிடப்படுகின்றது. சீவலப்பேரியிற் சிற்றாறும் வந்து கூடுகின்றது. ஆகவே மலையில் மழை நின்று பல மணி நேரம் சென்ற பின்னரும் கீழூர்களில் நீர்மட்டம் ஏறக்கூடும். நம்மூர் வானம் வெளுத்திருப்பது அச்சமின்மைக்குச் சான்றாகாது.

2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 நாட்களிற் பெய்த பெருமழையை நாம் மறத்தற்கில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. அணை நீரும் நாட்டு மழையும் ஒருங்கு சேர்ந்தமையால், ஸ்ரீவைகுண்டம் முதலிய ஊர்கள் வெள்ளத்தாற் சூழப்பட்டன.

ஆதலின், மாணவ நண்பர்களே, படித்துறையில் எந்தப் படிவரை நீர் நிற்கின்றது என்பதை மேட்டில் நின்றே குறித்துக்கொள்ளுங்கள். அது பழைய நிலைக்கு மீளும்வரை நீராடச் செல்லாதீர்கள். விரைந்தோடும் நீர் அரையடி ஆழமாயினும் ஆளை வீழ்த்த வல்லது. முழங்காலளவுதானே என்று தரைப்பாலத்தைக் கடத்தல் வேண்டா. வானத்தை நோக்கியன்று, நீர்மட்டத்தை நோக்கியே ஆற்றின் நிலையை அறிதல் அறிவுடைமையாகும்.